பெர்க்மான்ஸுக்குத் தெரியும்

மணிரத்னத்தின் ‘கடல்’ படத்தை நான் இதுவரை மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை 2013 பிப்ரவரியில், படம் வெளியான வாரத்திலேயே, வேலூரில் முக்கால்வாசி நாற்காலிகள் காலியாகக் கிடந்த ஒரு மாலைக் காட்சியில். அந்த வாரம் எங்கள் ஊர் டீக்கடைகளில் எல்லாரும் ‘விஸ்வரூபம்’ வருமா வராதா என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் இப்படி ஒரு படம் வந்திருப்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டாம் முறை தொலைக்காட்சியில், விளம்பரங்களுக்கு நடுவே. மூன்றாம் முறை போன மாதம், கைப்பேசியில், இரண்டு இரவுகளாகப் பிரித்து. மூன்று முறையும் எனக்குப் படம் ஒரே இடத்தில் நின்றுபோனது. உச்சக்கட்டப் புயலைச் சொல்லவில்லை; ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களையும் சொல்லவில்லை. தொடக்கத்தில் சில நிமிடங்களே வந்துபோகும், பாதிரியாராகப் பயிற்சி பெறும் குருமடத்தின் காட்சிகளைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு திரையில் நடப்பதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் மனம் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாமியில்லாக் கோயில், ராஜாவில்லாக் கோட்டை, மரமில்லா மலை, தண்ணியில்லா ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. சொல்பவரின் வாய்க்கேற்ப அந்தப் பட்டியல் நீளும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்துவிட்டார். ஆற்றுக்குத்தான் தண்ணீர் வரவில்லை. எங்களைப் பொறுத்தவரை கடல் என்பது காசிமேட்டிலிருந்து இரவோடு இரவாக ஐஸ் பெட்டியில் வந்து இறங்குகிற பொருள். ஆகவே தூத்துக்குடிக் கரையின் பேச்சைத் திரையில் கேட்டபோது எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர், “இன்னா பேசிக்கிறாங்கன்னே பிரியலப்பா” என்று அலுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஜெயமோகன் எழுதிய வசனங்களை வடாற்காட்டுக் காதுகள் இரண்டு முறை கேட்டால்தான் பிடித்துக்கொள்ளும். அவர் இடைவேளையோடு எழுந்து போய்விட்டார். எனக்கும் பாதி புரியவில்லை. ஆனாலும் என்னால் போக முடியவில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், விரிவாகச் சொல்லப் போவதில்லை. வசதியான வீட்டை விட்டுவிட்டு இறையழைப்பை நம்பிக் குருமடத்துக்கு வருகிறவன் சாம். வறுமையினால் அங்கே வந்து சேர்ந்தவன் பெர்க்மான்ஸ். பெர்க்மான்ஸ் ஒரு பெண்ணோடு தவறுகிறான்; சாம் அதைப் பார்த்துவிடுகிறான்; மறைக்கச் சம்மதிக்காமல் சொல்லிவிடுகிறான். பெர்க்மான்ஸ் வெளியேற்றப்படுகிறான். போகும்போது அவன் சாமோடு ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டுப் போகிறான், அந்தக் கணக்குதான் படம். அரவிந்த்சாமி நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்து சாமாக நடித்தார், அர்ஜுன் பெர்க்மான்ஸாக. இவர்களுக்கு நடுவே, யாருமற்ற பையனாக வளரும் தாமஸாக கௌதம் கார்த்திக்கும், பியாட்ரிஸாக துளசியும். 1981இல் ‘அலைகள் ஓய்வதில்லை’யில் வேறொரு கடற்கரையில் அறிமுகமான கார்த்திக், ராதா இருவரின் பிள்ளைகள் இவர்கள். செய்தித்தாள்களில் இதைத்தான் பெரிதாகப் போட்டார்கள். எனக்கு அந்தக் காதல் பகுதியில் பெரிய ஈடுபாடு இல்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

படத்தில் தீமையைப் பற்றிய மிகச் சிறந்த காட்சி எது என்று கேட்டால் தாமஸின் தாயைப் புதைக்கும் காட்சி என்பேன். விலைமகள் என்று ஊர் ஒதுக்கிய அவள் இறந்துபோகிறாள். விறைத்துப்போன கால்கள் பெட்டிக்குள் அடங்கவில்லை. புதைக்க வந்தவன் மண்வெட்டியால் அடித்து முறித்து உள்ளே தள்ளுகிறான். சின்னப் பையன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் காட்சியில் சாத்தான் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெர்க்மான்ஸ் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இல்லை. அவசரமாக வேலையை முடித்துவிட்டுப் போக நினைக்கும் ஒரு மனிதனும், அது தங்கள் வேலையில்லை என்று இருந்துவிட்ட ஓர் ஊரும் மட்டும்தான் அங்கே இருக்கிறார்கள். ஒரு திருச்செந்தூர்ப் பயணத்தின்போது, படம் எடுக்கப்பட்ட மணப்பாட்டுக்கும் போய்வந்தேன். மணல்மேட்டின் மேலிருக்கும் கிறிஸ்தவக் கோயிலின் நிழலில் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மண்வெட்டியின் சத்தம்தான். இவ்வளவு தெரிந்த ஒரு படம், பிறகு ஏன் தீமைக்கு ஒரு முகமும் ஒரு பெயரும் ஒரு சபதமும் கொடுத்து, துப்பாக்கியையும் கையில் கொடுத்து, அதைச் சாமின் எதிரே கொண்டுவந்து நிறுத்தியது என்பது என் முதல் கேள்வி. அது படத்தைப் பற்றிய கேள்வி என்றே நான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோதுமை ரவையும் ஒரு ரிஜிஸ்டரும்

1986இல் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தேன். வேலூருக்கு மேற்கே, குடியாத்தம் போகும் வழியில், ஏழைப் பிள்ளைகளுக்கான ஒரு கிறிஸ்தவ விடுதி. அதன் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். நாற்பது பையன்கள். காலையில் கஞ்சி, மதியம் பள்ளியில் சத்துணவு, இரவில் பெரும்பாலும் கோதுமை ரவைச் சோறும் ஒரு சாம்பாரும். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் இருப்பு ரிஜிஸ்டர் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மாலை ஐந்தரை மணிக்குச் சமையல்காரர் களஞ்சிய அறையைத் திறந்து, ரவையையும் பருப்பையும் படியால் அளந்து அண்டாவில் போடுவார். நான் வாசலில் நின்று எண்ணி, கோடு போட்ட நோட்டில் எழுதி, மீதத்தைக் கழித்து வைப்பேன். மாதக் கடைசியில் வார்டன் மூட்டைகளைப் பார்ப்பார், என் நோட்டைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். பதினைந்து வயதில் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய பதவி எதுவும் இருக்க முடியாது.

அந்த வருடம் ஐப்பசி மழையின்போது இருப்பு இடித்தது. முதல் வாரம் இரண்டு படி, அடுத்த வாரம் மூன்று படி. நான் தவறாகக் கழித்துவிட்டேனோ என்று இரண்டு இரவுகள் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். மூன்றாம் இரவு கொல்லைப்பக்கம் போனபோது பார்த்தேன். என் பக்கத்துப் பாயில் படுக்கும் பையன், சுவரோரக் கம்பிக் கதவின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மடியில் இருந்த துண்டிலிருந்து ரவையைக் கம்பிகளின் இடைவெளி வழியாக வெளியே சரித்துக்கொண்டிருந்தான். வெளியே ஒரு துணிப்பையை விரித்துப் பிடித்திருந்தது அவன் தம்பி. பத்து வயது இருக்கும். பீடிக்கு நூல் கட்டும் வேலைக்குப் போகிறவன் என்று எனக்குத் தெரியும். நிலா வெளிச்சத்தில் அவன் விரல் நுனிகள் கறுத்துத் தெரிந்தன. பீடித்தூளின் வாடை கம்பிக்கு இந்தப் பக்கம் வரை வந்தது. கீழே சிந்திய ரவையை அவன் ஒவ்வொரு மணியாக ஈர மண்ணிலிருந்து கிள்ளிக் கிள்ளி எடுத்துப் பையில் போட்டான். அண்ணன் “உட்றா, உட்றா” என்றான். தம்பி விடவில்லை. நான் சத்தம் போடாமல் திரும்பிவந்து படுத்துக்கொண்டேன்.

நான் போய்ச் சொல்லவில்லை. இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வருடங்கள் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசியில் வார்டன் என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நோட்டைத் திருப்பி என் முன் வைத்து, இருப்பு ஏன் இடிக்கிறது என்று கேட்டார். நான் சும்மா நின்றேன். “நீ எதாவது பாத்தியா?” என்றார். “பார்த்தேன் சார்” என்றேன். யாரை என்றார். சொன்னேன். அவ்வளவுதான். அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. என்னை உட்காரவைத்து, பொய் சொல்லாமல் இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு வசனத்தைச் சொல்லி விளக்கினார். மறுநாள் காலை அவன் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் புளியமரத்தை நோக்கிப் போனான். நாங்கள் வரிசையில் நின்று கஞ்சி வாங்கிக்கொண்டிருந்தோம். ஆண்டு விழாவில் எனக்கு நேர்மைக்கான பரிசு என்று ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அது இன்னும் எங்கள் வீட்டில் அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. அதைக் கொண்டுதான் தினமும் அரிசி அளக்கிறோம்.

சாம் பெர்க்மான்ஸைப் பற்றி வாய்திறக்கும் காட்சியில் நான் ஏன் நின்றுபோனேன் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தியேட்டரில் எனக்கு முதலில் வந்தது கோபம். வீட்டை விட்டுவிட்டு வந்தவனுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது. சோற்றுக்காக வந்தவனுக்கு அது இல்லை. இருவருக்கும் ஒரே விதியை வைத்து ஒரே தராசில் நிறுத்துவது நேர்மை என்று சாம் நம்புகிறான், படமும் அவனை அங்கே நின்று கேள்வி கேட்பதில்லை. கேட்கப் போவதுபோல ஒரு கணம் தயங்கிவிட்டு, சட்டென்று வருடங்களைத் தாண்டி, பாழடைந்த கோயிலுள்ள மீனவக் கிராமத்துக்கு அவரை அங்கி போட்ட பங்குத் தந்தையாக அனுப்பிவிடுகிறது. இனி அவர் நல்லவர். ஊர்தான் மாற வேண்டும்.

நம்பியாரின் கண்கள்

என் அப்பாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. அவருக்குத் தெரிந்த மீனவக் கிராமம் ‘படகோட்டி’யில் வந்த கிராமம். 1964 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தார் என்று அவரே கணக்கு வைத்திருக்கவில்லை. கரையில் இரண்டு கூட்டங்களை மோதவிட்டு, அவர்கள் பிடித்து வரும் மீனில் கொழுப்பவர் நம்பியார்; கூட்டங்களைச் சேர்த்துவைப்பவர் எம்.ஜி.ஆர். நம்பியார் திரையில் வந்து கண்ணை உருட்டினால் போதும், யார் பக்கம் நிற்பது என்பது முதல் வகுப்பிலிருந்து தரை டிக்கெட் வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதைக் குழந்தைத்தனம் என்று கல்லூரிக் காலத்தில் நான் அப்பாவிடம் வாதாடியிருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தப் படத்துக்குத் தீமை என்பது மீனுக்கு யார் விலை வைக்கிறார்கள் என்ற கேள்வியோடு சேர்ந்தது. ‘கடல்’ படத்தில் மீனின் விலையைப் பற்றிப் பேச்சே பெரிதாக இல்லை. பாவம், மன்னிப்பு, சாத்தான் என்று அது வேறு உயரத்தில் போகிறது. போகட்டும், தமிழில் அந்த உயரத்துக்குப் போக முயன்ற படங்கள் குறைவு. ஆனால் கோதுமை ரவையைக் கம்பி வழியாகச் சரித்தவன் எந்தப் படத்தைச் சேர்ந்தவன் என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

இரண்டாம் முறை பார்த்தபோது வேறொன்று பிடிபட்டது. சாமுக்கு அந்தப் படம் எவ்வளவு பெரிய சலுகை செய்கிறது என்பது. தான் வாய்திறந்ததால் வெளியேற்றப்பட்டவன் என்ன ஆனான் என்று சாம் ஒருநாளும் தேடிப்போக வேண்டியதில்லை. பெர்க்மான்ஸே வருகிறான், குண்டடிபட்டு, அவர் கரையிலேயே வந்து விழுகிறான். சாம் அவனைத் தூக்கிக் காப்பாற்றுகிறார், புண்ணுக்கு மருந்திடுகிறார். பதிலுக்குப் பெர்க்மான்ஸ் அவர்மேல் ஒரு பெண்ணை வைத்துப் பழி சுமத்துகிறான், ஊர் அவரை அடிக்கிறது, சிறைக்குப் போகிறார். இப்படி ஒவ்வொரு அடியாக அவன் வாங்கிக்கொடுக்க வாங்கிக்கொடுக்க, குருமடத்தில் சாம் செய்தது சரிதான் என்பது நமக்கு மேலும் மேலும் உறுதியாகிக்கொண்டே போகிறது. இப்படிப்பட்டவனை அன்றைக்கே வெளியே தள்ளியது எவ்வளவு நல்லது! பெர்க்மான்ஸ் வெளியேறிய பிறகு எங்கேயோ ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதி, கல்யாணம் செய்துகொண்டு, வயிற்றுவலியோடு வாழ்ந்துகொண்டிருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம் என்ன செய்திருப்பார்? அவருடைய பிரசங்கங்கள் எப்படி இருந்திருக்கும்? சாத்தானாகத் திரும்பி வந்ததன் மூலம் பெர்க்மான்ஸ் தன் பகைவனுக்குச் செய்த உதவியை வேறு யாரும் செய்திருக்க முடியாது. நல்லவராக இருப்பதற்குச் சாமுக்கு அவன் வேலை கொடுத்துக்கொண்டே இருக்கிறான். உச்சக்கட்டத்தில், கொந்தளிக்கும் கடலில், அவனைக் கொன்றுவிடும் எல்லை வரை சாம் போகிறார், தாமஸ்தான் தடுக்கிறான். அந்த ஓர் இடத்தில் மட்டும் படம் தன் நல்லவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. ராஜீவ் மேனனின் கேமராவும் அங்கே அழகைத் தேடிப் போகாமல் அந்த முகங்களிலேயே நிற்கிறது. இதற்காகவே நான் இந்தப் படத்தைத் தோல்வி என்று சொல்கிறவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.

எனக்கு அப்படி ஒருவன் திரும்பி வரவில்லை. பழி வாங்குவதற்காகக்கூட வரவில்லை.

ஆற்றில் மீன் வந்த வாரம்

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அடித்துக்கொண்டுபோன வெள்ளத்தைப் பற்றித் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டவர்கள் நாங்கள். எங்கள் கண்ணால் ஆற்றில் கரைதொட்டுத் தண்ணீர் பார்த்தவர்கள் அல்ல. அந்த வாரம் மோர்தானா அணை நிரம்பி வழிந்தது, ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடி போயின, விரிஞ்சிபுரம் தரைப்பாலம் தண்ணீரோடு போயிற்று. காட்பாடிப் பாலத்தின் மேல் ஊரே திரண்டு நின்றது. பிள்ளைகளைத் தோளில் தூக்கி, இதுதான் பாலாறு என்று காட்டினார்கள். செம்மண் நிறத்தில் அகலமாக, இரைந்துகொண்டு, மறுகரை மழையில் மங்கலாகத் தெரிய, பார்ப்பதற்கு அது ஆறுபோல இல்லை. ஏரிகளிலிருந்து தப்பிய மீன்களும் கூடவே வந்தன. தண்ணீர் சற்று வடிந்ததும் விருதம்பட்டுக் கரையில் வலையும் கொசுவலையும் பழைய புடவையும் கொண்டு ஆட்கள் இறங்கிவிட்டார்கள். கெண்டையும் ஜிலேபியும் தார்ப்பாயில் குவிந்து கிடந்தன. சுமார் ஒரு வாரத்துக்கு எங்களுக்கும் ஒரு மீனவக் கிராமம் இருந்தது.

அங்கேதான் அவனைப் பார்த்தேன். ஒரு தார்ப்பாயின் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முடி முழுக்க வெளுத்திருந்தது, முன்பல் ஒன்று இல்லை. ஆனால் அந்த உட்காரும் விதம் எனக்கு மறக்கக்கூடியதாக இல்லை. நான் நகர்ந்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் நிமிர்ந்து பார்த்து, “டேய், ரிஜிஸ்டர்!” என்றான். விடுதியில் எனக்கு அதுதான் பெயர். எழுந்து வந்து மீன்கையோடு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். “எப்டி கீற? இன்னா பண்ணிகினு கீற?” கணக்கெழுதுகிறேன் என்றேன். “அப்பவும் கணக்கு, இப்பவும் கணக்கா?” என்று சிரித்தான். அவன் கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டான். தம்பி பெங்களூரில் லோடு வண்டி ஓட்டுகிறான். பேரன் பக்கத்தில் நின்று, ஒரு ஜிலேபி மீனின் வாய்க்குள் விரலை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் எதுவும் கேட்கவில்லை, அவனாகத்தான் ஆரம்பித்தான். பேரனிடம் என்னைக் காட்டி, “இந்தத் தாத்தாகூடதான்டா நான் ஹாஸ்டல்ல இருந்தேன், ரவை திருடிட்டு மாட்டுனேனே, அந்த ஹாஸ்டலு” என்றான். பையனுக்கு அந்தக் கதை ஏற்கெனவே தெரிந்திருந்தது. வீட்டில் பலமுறை சொல்லிச் சிரித்த கதை போலும். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “எல்லாம் போச்சு, உடு. ஆனா அந்தச் சமையக்காரன் இருந்தானே, அவன மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன். அவன்தான் போட்டுக்குட்தான்” என்றான்.

பாலாற்றின் இரைச்சல் எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. முப்பத்தைந்து வருடங்களாக நான் என்னென்னவோ ஒத்திகை பார்த்திருந்தேன். அவன் சட்டையைப் பிடிப்பான், அல்லது எல்லாம் நல்லதுக்குத்தான் என்பான், அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். அவனுக்கு நான் யாரென்றே தெரியாது என்பது அந்த ஒத்திகைகளில் எதிலும் இல்லை. வார்டன் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்டார். பெயரைச் சொல்லாமலிருந்தது அவருடைய நல்ல குணம். அதனால் அவன் தனக்குத் தெரிந்தவர்களில் பொருத்தமான ஒருவரைத் தேடிக்கொண்டான். சமையல்காரர் சிடுமூஞ்சி. கரண்டியால் தட்டின் விளிம்பில் அடிப்பார். அவனோடு அவருக்கு ஓயாத சண்டை. அவர் முகத்தை வைத்துப் பார்த்தால் நானும் அவரைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். “பார்த்தேன் சார்” என்று அன்றைக்குச் சொன்ன அதே வாய், இன்றைக்கு “நான்தான்டா” என்று சொல்லியிருக்க வேண்டும். “அப்டியா” என்றேன். அவன் வாங்கிய மீனில் இரண்டு கெண்டைகளை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் திணித்தான். காசு கொடுக்கப் போனேன், திட்டினான். கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டான்.

பாலத்தின் மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போதுதான் எனக்குச் சாவி நினைவுக்கு வந்தது. களஞ்சிய அறைக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. அது எப்போதும் சமையல்காரரின் அரைஞாண் கயிற்றில் தொங்கும்; குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார். மாலை ஐந்தரைக்குத் திறப்பார், அளந்து முடித்ததும் பூட்டி, ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். அவருக்குத் தெரியாமல் ஒரு பிடி ரவை அந்த அறையிலிருந்து வெளியே வந்திருக்க முடியாது. அவன் அதை எப்படி எடுத்தான், அவர் பூட்டாமல் விட்டாரா, அல்லது எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படியில் ஒரு துண்டில் கட்டி வைத்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் படுத்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. அவன் அதை யோசித்ததே இல்லை போலிருக்கிறது. திருட வருகிறவன் பூட்டாத கதவைத் தன் அதிர்ஷ்டம் என்றுதான் நினைப்பான். வார்டனும் கேட்கவில்லை. தினமும் அந்தச் சாவியை ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்த நான், படிக்குப் படி கணக்கு எழுதிய நான், அதை எழுதவில்லை.

போன மாதம் மூன்றாம் முறை படம் பார்த்தபோது, குருமடத்திலிருந்து வெளியேறும் பெர்க்மான்ஸின்மேல் எனக்கு முதன்முறையாகப் பொறாமையாக இருந்தது. யார் தன்னைச் சொன்னது என்று அவனுக்குத் தெரியும். அவன் எங்கே போனாலும், எத்தனை கொலை செய்தாலும், அவனுடைய வெறுப்புக்கு ஒரு சரியான முகவரி இருக்கிறது. சாமுக்கும் அப்படியே. அந்தக் கரையில் நன்மையும் தீமையும் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கின்றன. ஒன்று குண்டடிபட்டுக் கிடந்தால் மற்றது அடையாளம் கண்டு தூக்குகிறது. புயலிலும்கூட அவர்களுக்கு ஆள் மாறுவதில்லை. இதைப் படத்தின் குறை என்று முன்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அது கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்குக் கிடைத்த ஒரு வசதி என்று வெறுமனே பொறாமைப்படுகிறேன். அதுவும் சரியான விமர்சனம் ஆகாது.

அவன் அவ்வப்போது கூப்பிடுவான். பொங்கலுக்கும் கூப்பிட்டான். பேரன் ஆறாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியதைச் சொன்னான், மூட்டுவலிக்கு எந்த டாக்டர் நல்லவர் என்று கேட்டான். பேச்சு முடிகிற நேரத்தில், “சொல்ல மறந்துட்டேன், அந்தச் சமையக்காரன் போன மாசம் போய்ட்டானாம்டா. அவன் ஊரு பக்கம் வேலைக்குப் போனப்ப சொன்னாங்க. பாடி எடுக்கக்கூட ஆளு கம்மியாம். நான் அங்கதான் இருந்தேன், போவல” என்றான்.

எந்த ஊர் என்று கேட்டேன்.

“பேர்ணாம்பட்டு பக்கம்தான். இன்னாத்துக்குக் கேக்கற?”

“சும்மாதான்” என்றேன்.